ஏழாம் லைன் ஆற்றில் இறங்கியபோது

ஜூலை 8, செவ்வாய்

இன்றும் வாளியைக் காணவில்லை. ஹாஸ்டல் மாடிப்படிக்குக் கீழே, துடைப்பங்களுக்கு நடுவில் கிடந்தது. யாரோ மீன் கழுவிய தண்ணீரை அதில் ஊற்றி வைத்திருந்தார்கள். சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். குளித்த பிறகும் என்மேல் மீன் வாசனை. கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது. அதற்கு மீன் காரணமில்லை.

பேச ஆளில்லை. அதனால் எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதச் சொன்னால் எனக்குப் பிடிக்கும். எழுந்து படிக்கச் சொன்னால்தான் அழுகை வரும். பத்தாம் வகுப்பில் பாதியில் நின்றுவிட்டேன். தம்பி பிறந்தான், அம்மா வேலைக்குப் போக வேண்டியிருந்தது. அவன் நடக்கத் தொடங்கிய பிறகு என்னைத் திருப்பூருக்கு அனுப்பினார்கள்.

நான் குழந்தைகள் சட்டை தைக்கும் ஏழாம் லைனில் செக்கிங். தைத்து வரும் பீஸைத் திருப்பிப் பார்த்து, பிசிறு வெட்டி, தையல் விட்டிருந்தால் ஒதுக்கி வைப்பது வேலை. எங்கள் லைனில் ஒரு சட்டம் உண்டு. மெஷினில் ஊசி உடைந்தால் உடைத்தவர் "ஊசி!" என்று கத்த வேண்டும். உடனே டெய்லர்கள் எல்லாரும் பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டு இரண்டு கைகளையும் மேலே தூக்க வேண்டும். செக்கிங் ஆள் மட்டும் குனிந்து தேட வேண்டும். துண்டுகள் எல்லாம் கிடைத்து, அட்டையில் ஒட்டி, முழு ஊசியாகச் சேர்த்துக் காட்டும்வரை யாரும் எதையும் தொடக்கூடாது. சூப்பர்வைசர் தண்டபாணி எங்களைப் பழக்கிய பழக்கத்தில், ஹாஸ்டலில் தூங்கும்போது யாராவது உளறினால்கூடச் சிலருக்குக் கை தூக்கிக்கொள்ளும்.

போன மாதம் சரோசா அக்காவின் ஊசி உடைந்தது. நுனி கிடைக்கவில்லை. லைன் நின்றுபோனதால் தண்டபாணி குதித்தார். கொஞ்ச நேரத்தில் சரோசா அக்கா "கெடச்சிருச்சுங்" என்று அட்டையில் ஒட்டிக் கொடுத்தார். லைன் ஓடியது. சாயங்காலம் ஒரு சட்டையின் காலருக்குள் என் விரலில் ஏதோ குத்தியது. அதுதான் உண்மையான நுனி. மஞ்சள் சட்டை, நெஞ்சில் கரடிப் பொம்மை, இரண்டு - மூன்று வயது அளவு.

நான் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. நுனியைத் தண்டபாணி மேஜைமேல் வைத்துவிட்டு என் இடத்துக்கு வந்துவிட்டேன். அவ்வளவுதான் செய்தேன்.

மறுநாள் சரோசா அக்காவைக் கம்பெனி கேட்டிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ஜூலை 10, வியாழன்

கேண்டீனில் நான் உட்கார்ந்தால் மேஜை காலியாகிறது. இன்று ராசாமணி அக்கா மட்டும் எழுந்து போகவில்லை. அவர் எங்கள் லைனில் மூத்த ஓவர்லாக் டெய்லர், காங்கேயம் பக்கத்துக்காரர், சரோசா அக்காவுக்குக் கூடப்பிறந்தவர் மாதிரி. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். நாகஜோதியும் மெர்சியும் பின்னால் நின்றார்கள்.

"எப்படி எறங்குது பாரு சோறு," என்றார். "அங்க சரோசா ரெண்டு பொட்டப்புள்ளைகள வெச்சுக்கிட்டு ஒவ்வொரு கம்பெனி வாசலா நிக்கறா. இங்க அம்மிணிக்கு ரசம் பத்தலையாம்."

"அக்கா, அவ வாயே தொறக்க மாட்டாளே, சோறு எப்படிப் போவுது?" என்றாள் மெர்சி.

"வாயத் தொறந்து காட்டிக் குடுக்கறவளக்கூட நம்பலாம் மெர்சி. சத்தமில்லாம கொண்டு போய் வெச்சுட்டு வந்தா பாரு, அவளத்தான் நம்பக்கூடாது."

நான் ரசத்தைக் குடித்துவிட்டு எழுந்தேன். எனக்கும் இவர்களைப் பிடிக்காது. ஒருத்தரையும் பிடிக்காது.

ராசாமணி அக்கா ஒரு தைல டப்பா வைத்திருக்கிறார். தலைவலி இல்லாத நாளிலும் அதைத் திறப்பார். அதைப் பற்றி எழுத வேண்டாம்.

ஜூலை 12, சனி

எச்.ஆர். மேடம் கூப்பிட்டார். அவர் அறையில் ஏசி. உட்காரச் சொன்னார், நாற்காலியின் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"அட்டையில ஒட்டின அந்தப் பழைய நுனி சரோசாவுக்கு எங்கிருந்து வந்துச்சு? தானே எடுத்து ஒட்டினேன்னு சாதிக்கிறா. அந்த லைன்ல யாரோ உடைஞ்ச நுனியெல்லாம் சேத்து வெச்சு, வேணுங்கறப்போ எடுத்துக் குடுக்கறாங்க. உனக்குத் தெரியாம இருக்காது முப்பிடாதி."

நான் தரையைப் பார்த்தேன். டைல்ஸ் பளபளவென்று இருந்தது.

"நீ நல்ல பொண்ணு. தப்புன்னு பட்டதும் எடுத்துக் குடுத்தே. ஒரே ஒரு பேரு சொல்லு. சரோசா மெஷின் சும்மாதானே கெடக்கு? உன்ன டெய்லர் ஆக்கிடறேன். எத்தன வருஷம் பிசிறு வெட்டிட்டு இருப்பே?"

டெய்லர் ஆகவேண்டும் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. இவருக்கு எப்படித் தெரியும்?

"பேரு வரலேன்னா யாரு ஒளிக்கறாங்களோ அவங்க கூட்டாளின்னுதான் உன்னயும் நெனக்க வேண்டி வரும். யோசிச்சு வை."

வெளியே வந்தபோது லைன் முழுவதும் என்னைப் பார்த்தது. மெஷின் சத்தம் குறையவே இல்லை. ஆனாலும் பார்த்தார்கள்.

எழுத வேண்டாம் என்று நினைத்ததை எழுதிவிடுகிறேன். அந்த டப்பாவில் தைலம் இல்லை.

ஜூலை 14, திங்கள்

போனில் தம்பி இருமினான். எல்லாவற்றையும் வாயில் வைக்கிறானாம். போட்டிருக்கும் சட்டையின் காலரைக்கூட விடாமல் சப்பி ஈரமாக்கிவிடுகிறானாம். ஆவணி வந்தால் மூன்று முடிகிறது. இன்னும் அந்தப் பழக்கம் போகவில்லை என்று அம்மா சிரித்தாள்.

ஜூலை 16, புதன்

மதியம் தண்டபாணி லைனை நிறுத்தி அறிவித்தார். சட்டை வாங்கும் வெளிநாட்டு பையருக்குத் தொழிலாளர்கள் சந்தோஷமாக இருக்கிற போட்டோ வேண்டுமாம். அதனால் ஏழாம் லைனைக் குடகுக்கு டூர் அழைத்துப் போகிறார்களாம். சனிக்கிழமை கிளம்பி, ஞாயிற்றுக்கிழமை ஆற்றில் ரப்பர் படகில் போய்விட்டுத் திரும்புவதாம். செலவு கம்பெனியுடையது.

யாரும் கை தட்டவில்லை.

"டார்கெட்ட முடிச்ச லைனெல்லாம் இருக்கறப்போ நம்மள எதுக்குங் கூட்டிட்டுப் போறாங்க?" என்றார் ராசாமணி அக்கா, எல்லார் காதிலும் விழும்படி. "ஆட்டுக்கு மாலையப் போட்டுத் தண்ணி தெளிக்கறாங்கன்னா எதுக்குன்னு நமக்குத் தெரியாதா?"

"ஆடுன்னாலும் பரவால்லக்கா. எனக்கு நீச்சல் தெரியாதே," என்றாள் மெர்சி.

"நீ எதுக்குப் பயப்படறே? மேடத்தோட ஆளு நம்மகூட வர்றா. நம்ம என்ன பேசறோம், என்ன திங்கறோம்னு குறிச்சுக்குவா. நம்ம முங்கினாக்கூட எந்த எடத்துல முங்கினோம்னு கரெக்டாச் சொல்லிருவா."

சிரித்தார்கள். என் அறையில் படுக்கும் வளர்மதியும் சிரித்தாள். சிரித்துவிட்டு என்னைப் பார்த்தாள். அதை நான் மறக்கமாட்டேன்.

ஜூலை 19, சனி

பஸ். திம்பம் மலையில் வளைவு வளைவாக ஏறியபோது நாகஜோதி வாந்தி எடுத்தாள். பிறகு மெர்சி. யாரோ ஒரு எலுமிச்சம்பழத்தைக் கீறி மோந்து பார்க்கக் கொடுத்தார்கள். பழம் ஒவ்வொரு கையாக மாறிப் பின்னால் வந்தது. எனக்கு முன் இருக்கையில் வளர்மதி அதை மோந்தாள். என் தலைக்குமேல் கையை நீட்டி எனக்குப் பின்னால் இருந்தவளிடம் கொடுத்தாள். எனக்கு வாந்தி வரவில்லை. வந்திருந்தாலும் அடக்கியிருப்பேன்.

ராசாமணி அக்கா தன் பர்சை மடியிலேயே வைத்திருந்தார். சாப்பிடும்போதும் கீழே வைக்கவில்லை.

இங்கே விடாமல் மழை. லாட்ஜில் ஐந்து பேருக்கு ஓர் அறை. நான் கதவை ஒட்டிப் பாய் போட்டிருக்கிறேன்.

ஜூலை 20, ஞாயிறு

திரும்பும் பஸ்ஸில் எழுதுகிறேன். குலுங்குவதால் எழுத்து கோணல். இடது கையை மூடியே வைத்திருக்கிறேன்.

காலையில் ஜீப்பில் காபித் தோட்டங்களுக்குள் கூட்டிப்போனார்கள். பிறகு சேற்றில் நடை. கால் முழுக்க அட்டைப்பூச்சி. ஆறு கண்ணில் படுவதற்கு முன்பே சத்தம் கேட்டது. எங்கள் ஃபேக்டரியில் எல்லா லைனும் ஒன்றாக ஓடும்போது வரும் சத்தம். எங்கள் ஊர்ப் பக்கம் ஆறு என்றால் மணல்தான். இது காபி நிறத்தில், பாறைகள்மேல் விழுந்து எழுந்து ஓடிக்கொண்டிருந்தது. 

கரையில் மேடம் ஒரு பெரிய பையை நீட்டினார். "போன், பர்ஸ் எல்லாம் இதுல போடுங்க. நனைஞ்சுடும். நான் பாத்துக்கறேன்."

எல்லாரும் போட்டார்கள். ராசாமணி அக்கா கடைசியாகப் போட்டார். அதற்கு முன்னால் ஒரு மரத்துக்குப் பின்னே போய் வந்தார். வந்தபோது அவருடைய லைஃப் ஜாக்கெட்டின் நெஞ்சுப் பக்கம் வட்டமாக மேடிட்டிருந்தது. நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.

படகுக்கு ஆறு பேராகப் பிரித்தார்கள். எங்கள் படகை ஓட்டியவர் பெயர் பெள்ளியப்பா. அந்த ஊர்க்காரர். டூர் வருபவர்களிடம் கற்ற தமிழ். முதலில் தரையிலேயே படகில் உட்கார வைத்துத் துடுப்புப் போடப் பழக்கினார்.

"நான் பார்வர்ட் சொன்னா முன்னாடி போடணும். பேக் சொன்னா பின்னாடி. ஸ்டாப் சொன்னா மட்டும் நிறுத்தணும். என் வாய் மட்டும் கேக்கணும். ஆறு வாய் கேக்கக்கூடாது."

"யாராச்சும் விழுந்துட்டா?" என்றாள் மெர்சி.

"விழட்டும். ஜாக்கெட் இருக்கு, மிதக்கும். நீங்க துடுப்பு போடணும். எல்லாம் நிறுத்திப் பாத்துட்டு உக்காந்தா போட் திரும்பிடும், அப்போ ஒருத்தர் இல்ல, எல்லாரும் விழுவீங்க."

"கேட்டுக்குங்க. விழுந்தவள விட்டுட்டுப் போயிரணுமாம்," என்றார் ராசாமணி அக்கா. என் பக்கம் பார்க்காமல்தான் சொன்னார். "நல்ல சட்டம்."

எங்கள் படகில் ஆறாவது இடம் மேடத்துக்கு. போட்டோ எடுத்து முடித்ததும் அவருக்குத் தலைவலி வந்துவிட்டது. ஜீப்பில் முன்னால் போய்க் கீழ்க் கரையில் காத்திருப்பதாகச் சொல்லிவிட்டார். நாங்கள் ஐந்து பேர். நான், வளர்மதி, நாகஜோதி, மெர்சி, ராசாமணி அக்கா. என் பக்கத்தில் யாரும் வரவில்லை. பெள்ளியப்பா எங்களை அளந்து பார்த்துவிட்டு ராசாமணி அக்காவை முன்னால் இடப்பக்கமும், என்னை முன்னால் வலப்பக்கமும் உட்காரச் சொன்னார்.

"இவகூடவா? வேற எடமே இல்லீங்களா?"

"அவளுக்குக் கை இருக்கு இல்ல? போதும். ரெண்டு பேரும் ஒண்ணா போடணும். ஒருத்தர் வேகம், ஒருத்தர் மெதுவா போட்டா போட் சுத்தும்."

படகு தண்ணீரில் இறங்கியதும் கால் கூசியது. அடியில் ஒன்றுமே இல்லாதது மாதிரி. முதல் சரிவு வந்தது. எதிரே ஆறு திடீரென்று முடிந்து போனது. அதற்கு அப்பால் மரங்களின் தலைகள் மட்டும் தெரிந்தன. "பார்வர்ட்! பார்வர்ட்!" என்று பின்னால் கத்தல். நான் கண்ணை மூடிக்கொண்டு போட்டேன். விழுந்தோம். தண்ணீர் சுவர் மாதிரி எழுந்து முகத்தில் அறைந்தது. வாய், மூக்கு எல்லாம் மண் ருசி. எழுந்தோம். மறுபடி விழுந்தோம். நான் கண்ணைத் திறந்தபோது என் துடுப்பும் ராசாமணி அக்காவின் துடுப்பும் ஒரே நேரத்தில் இறங்கி ஒரே நேரத்தில் ஏறிக்கொண்டிருந்தன. அவர் ஒரு கையால் ஜாக்கெட்டை அழுத்திக்கொண்டு ஒரு கையால்தான் போட்டார். இருந்தும் பிசகவில்லை. அவர் தைத்துத் தள்ள, நான் பார்த்துத் தள்ள, எத்தனையோ நாள் ஓடிய கைகள்.

சரிவு முடிந்ததும் மெர்சி "ஏய்!" என்று கூவினாள். நாகஜோதி சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. திரும்பிப் பார்த்தேன். நான் சிரிப்பதைப் பார்த்ததும் அவர்கள் நிறுத்திக்கொண்டார்கள்.

"முன்னாடி அம்மா, ரெண்டு கை!" என்று பெள்ளியப்பா அதட்டினார். "அடுத்தது பெருசு. ரெண்டு கையும் போடு!"

ராசாமணி அக்கா ஜாக்கெட்டிலிருந்து கையை எடுத்தார். துடுப்பைப் பிடித்து முன்னால் குனிந்தார். கழுத்து வழியாக அந்த டப்பா நழுவி விழுந்தது. படகின் தரையில் பட்டு மூடி கழன்றது. நுனிகள் சிதறின. மழை வெளிச்சத்தில் தவிட்டு மீன்கள் மாதிரி மின்னின. எல்லாரும் வெறுங்கால்.

வளர்மதி கத்தினாள். "ஊசி!"

அவ்வளவுதான். நாகஜோதி துடுப்பை விட்டுவிட்டு இரண்டு கைகளையும் தூக்கினாள். மெர்சி தூக்கினாள். கத்திய வளர்மதியும் தூக்கினாள். ராசாமணி அக்காவும் தூக்கினார். அவர் டப்பா, அவர் நுனிகள், அவரும் தூக்கினார். இரண்டு துடுப்புகள் ஆற்றோடு போயின. நான் செக்கிங். குனிந்து தேட ஆரம்பித்தேன்.

பெள்ளியப்பா எந்த மொழியில் திட்டினார் என்று தெரியவில்லை. படகு குறுக்காகத் திரும்பியது. நான் தரையில் முழங்காலிட்டு, தண்ணீருக்குள் உள்ளங்கையை வைத்துத் தடவிக்கொண்டிருந்தேன். ஏதோ குத்தியது. கையை மூடினேன். அதே நேரம் படகு பாறையில் மோதி ஒரு பக்கம் தூக்கியது. நான் வெளியே போய்விட்டேன்.

தண்ணீருக்குள் சத்தமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. எது மேலே எது கீழே என்று தெரியவில்லை. ஒரு கல் இடுப்பில் உரசிப் போனது. பிறகு ஜாக்கெட் என்னை இழுத்து மேலே கொண்டுவந்தது. கண்ணைத் திறந்தேன். படகு கொஞ்ச தூரத்தில் பாறையில் சாய்ந்து நின்றிருந்தது. நாகஜோதி இன்னும் கைகளை இறக்கவில்லை. தண்டபாணி வந்து ஓகே சொல்வதற்காகக் காத்திருப்பவள் மாதிரி என்னைப் பார்த்தபடி இருந்தாள்.

எனக்காக நிறுத்தியதாக நான் நினைக்கவில்லை. பழக்கம், அவ்வளவுதான்.

பாறையைச் சுற்றித் திரும்பிய தண்ணீர் என்னைப் படகுப் பக்கமாகவே கொண்டுவந்து இடித்தது. விளிம்புக் கயிற்றை ஒரு கையால் பிடித்தேன். இன்னொரு கை மூடியிருந்தது. "தோள் பிடி! ஜாக்கெட் தோள் பிடிச்சு இழு!" என்று பெள்ளியப்பா கத்தினார். என் தலைக்குமேல் ராசாமணி அக்கா. அவர் காலடியில் டப்பா உருண்டுகொண்டிருந்தது. உள்ளே இன்னும் கொஞ்சம் நுனிகள் இருந்தன. அவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அப்புறம் இரண்டு கைகளாலும் என் ஜாக்கெட்டின் தோளைப் பிடித்துப் பின்னால் சாய்ந்தார். நான் அவர்மேல் போய் விழுந்தேன். அவருடைய மூச்சு என் காதில் பட்டது.

"செத்துத் தொலஞ்சிருந்தீன்னா அதையும் எம்மேலதான்டி எழுதியிருப்பாங்க," என்றார்.

படகு பாறையிலிருந்து கழன்று இறங்கியபோது தண்ணீர் உள்ளே ஏறி, ஓரத்து ஓட்டைகள் வழியாக வடிந்தது. டப்பா, மூடி, நுனிகள் எல்லாம் அதோடு போயின.

கீழ்க் கரையில் மேடம் குடை பிடித்து நின்றார். பெள்ளியப்பா இறங்கியதும் இறங்காததுமாக ஆரம்பித்தார்.

"என்ன மேடம் உங்க லேடீஸ்! போலீஸ் துப்பாக்கி காட்டின மாதிரி எல்லாம் கை தூக்கிட்டாங்க! சாக வேண்டியது!"

மேடத்தின் முகம் மாறியது. கை தூக்குவது என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். எங்களை வரிசையாகப் பார்த்தார். என்னிடம் வந்து நின்றார்.

"படகுல என்ன கெடந்துச்சு?"

என் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ராசாமணி அக்கா என் பின்னால் நின்றார். பல் தந்தியடிக்கும் சத்தம் கேட்டது, என்னுடையதா அவருடையதா என்று தெரியவில்லை.

"பயப்படாதே. யாராச்சும் உன்னத் தள்ளி விட்டாங்களா? அதையாவது சொல்லு. ஒரு வார்த்த சொன்னாப் போதும், மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

ஒரே ஒரு வார்த்தை. ராசாமணி அக்கா கேட்டில் நிற்பார். மெஷின் எனக்கு.

"தண்ணிதான் மேடம்," என்றேன்.

"கையில என்ன? ஏன் மூடி வெச்சிருக்கே?"

விரல் இடுக்கில் ரத்தம் வடிந்துகொண்டிருந்தது.

"அட்டை கடிச்சிருச்சு மேடம்."

மேடம் சேலையைத் தூக்கிக்கொண்டு இரண்டடி பின்னால் போனார்.

இப்போது பஸ்ஸில். ராசாமணி அக்கா தூங்குகிறார், அல்லது தூங்குவதுபோல் இருக்கிறார். பக்கத்து இருக்கை காலி.

ஜூலை 21, திங்கள்

எழுந்ததும் வளர்மதி என் கையைப் பிடித்து ஜன்னல் பக்கம் இழுத்தாள். கேட்கவில்லை, இழுத்தாள். ஊக்கு முனையால் கிளறி நுனியை வெளியே எடுத்தாள். வலித்தது. வேண்டுமென்றே வலிக்கிற மாதிரி எடுத்தாள் என்று நினைக்கிறேன்.

"இத ஆத்துலயே விட்டுருக்க வேண்டியதுதானே?" என்றாள். பல நாள் கழித்து அவள் என்னிடம் பேசியது இதுதான். நான் பதில் சொல்வதற்குள் குளிக்கப் போய்விட்டாள்.

நுனியைத் துண்டுக் காகிதத்தில் மடித்து, அடையாள அட்டை உறைக்குள் வைத்தேன். ஏன் என்று கேட்டால் தெரியாது. குளித்துவிட்டு வந்த வளர்மதி அதைப் பார்த்துவிட்டுப் போனாள்.

ஃபேக்டரியில் எங்கள் லைனின் எல்லா மெஷின் டிராயரும் திறந்து கிடந்தன. நாங்கள் ஆற்றில் இருந்தபோது தண்டபாணி தேடியிருக்கிறார். வத்திப்பெட்டியைக்கூடப் பிரித்துப் பார்த்திருக்கிறார். மூடி வைக்கக்கூட இல்லை.

"மாலை போட்டது எதுக்குன்னு இப்பத் தெரிஞ்சுதா?" என்றார் ராசாமணி அக்கா. யாரும் சிரிக்கவில்லை.

மேடம் கூப்பிட்டார். "கடைசியாக் கேக்கறேன்."

"எனக்குத் தெரியாது மேடம்."

"சரி. அப்ப பிசிறையே வெட்டிட்டு இரு. இனிமே உன்மேலயும் ஒரு கண்ணு இருக்கும்."

மதியம் சரோசா அக்காவின் மெஷினில் மூன்றாம் லைன் பெண் ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். நன்றாகத்தான் தைக்கிறாள். ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை. தேடிப் பார்த்தேன்.

ஜூலை 22, செவ்வாய்

வாளி படிக்குக் கீழே. உள்ளே முட்டை ஓடு.

ஜூலை 23, புதன்

இன்று ராசாமணி அக்காவின் ஊசி உடைந்தது.

அவர் உடனே கத்தவில்லை. கை டிராயர் பக்கம் போனது. அங்கே டப்பா இல்லை. அப்புறம்தான் "ஊசி!" என்றார். கைகள் மேலே போயின. நான் குனிந்தேன். பெரிய துண்டு கிடைத்தது. நடுத்துண்டு கிடைத்தது. நுனி கிடைக்கவில்லை. காந்தத்தைத் தரையில் இழுத்தேன், மெஷினுக்கு அடியில் விட்டேன். இல்லை. இன்று சரக்குக் கண்டெய்னர் கிளம்பும் நாள். தண்டபாணி கடிகாரத்தைப் பார்ப்பதும் எங்களைப் பார்ப்பதுமாக இருந்தார்.

நான் அவருடைய மெஷினுக்கு அடியில் இருந்தபோது ராசாமணி அக்கா குனியாமல், உதடு அசையாமல் பேசினார்.

"உங்கிட்ட ஒண்ணு இருக்குன்னு வளரு சொன்னா."

நான் காந்தத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"குடு. லைன் ஓடட்டும். உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது. இழுத்துப் போட்டேன்ல உன்ன? குடுடி."

அடையாள அட்டை என் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதே மாதிரி ஓவர்லாக் ஊசி. அதே தடிமன். ஒட்டினால் யாருக்கும் தெரியாது. லைன் ஓடும். நாளை கேண்டீனில் என் மேஜை காலியாகாது. ஒருவேளை எலுமிச்சம்பழம்கூட என் கைக்கு வரும்.

"இல்லக்கா," என்றேன்.

"இல்லையா, தர மாட்டியா?"

"தர மாட்டேங்க்கா. அது பீஸ்லதான் இருக்கும். தேடலாம்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கையில் மட்டும் என் தோள் கிடைத்திருந்தால் திரும்பவும் ஆற்றில் போட்டிருப்பார்.

பண்டில் பண்டிலாக அவிழ்த்தேன். ஒவ்வொரு சட்டையாகத் திருப்பினேன். பின்னால் முணுமுணுப்பு ஆரம்பித்தது. "டார்கெட் போச்சு." "இவளுக்கு வேற என்ன வேல, நம்ம வயித்துல அடிக்கறதுதான்." "மணிக்கணக்காத் தூக்கிட்டிருக்கோமே, கை மரத்துப் போச்சு." மெர்சி அழவே ஆரம்பித்தாள். ஒருத்தரும் உதவிக்கு வரமுடியாது, கை தூக்கியிருக்க வேண்டும், அதுதான் சட்டம். தண்டபாணி "பழைய மாதிரி சீக்கிரம் கெடைக்காதா?" என்று கேட்டார். என்ன கேட்கிறோம் என்று தெரிந்துதான் கேட்டாரா என்று யோசிக்கிறேன்.

நாற்காலி இழுபடும் சத்தம். ராசாமணி அக்கா கையை இறக்கிவிட்டார். என் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தார்.

"கையத் தூக்குங்க," என்றார் தண்டபாணி.

"ஊசி என்னுதுங். நாந்தான் தேடுவேன்," என்றார். என்னிடம், "அந்தப் பக்கம் தள்ளு," என்றார்.

அவர் பாதி, நான் பாதி. அவர் பல்லைக் கடித்துக்கொண்டே ஒவ்வொரு காலரையும் விரலால் நெருடினார். கொஞ்ச நேரம் கழித்து "ஸ்ஸ்" என்று கையை இழுத்தார். நடுவிரலில் ஒரு சொட்டு ரத்தம். நீலச் சட்டை. காலர் மடிப்புக்குள் நுனி நேராக நின்றிருந்தது.

அவர் நுனியை எடுக்கவில்லை. சட்டையைத் திருப்பி, கழுத்தில் இருந்த அளவுச் சீட்டைப் பார்த்தார். இரண்டு - மூன்று வயது. பார்த்துக்கொண்டே இருந்தார்.

"வாயில வைக்கற வயசு," என்றார். என்னிடம் சொல்லவில்லை. யாரிடமும் இல்லை.

அட்டையில் ஒட்டியதும் ஊசி முழுதாகச் சேர்ந்தது. தண்டபாணி ஓகே சொன்னார். கைகள் இறங்கின. எல்லாரும் தோளை உதறிக்கொண்டு என்னைத் திட்டிக்கொண்டே பெடலை மிதித்தார்கள். டார்கெட் முடியவில்லை. கண்டெய்னர் எங்களுடைய பெட்டிகள் இல்லாமல் போய்விட்டது.

ராசாமணி அக்கா தன் இடத்துக்குப் போகும்முன் என் மேஜையில் நின்றார்.

"இன்னும் உன்னக் கண்டா எனக்கு எரியுதுடி."

"சரிக்கா."

"சரோசாளுக்கு நான் குடுத்ததாலதான் அவ வீதில நிக்கறா. உனக்கென்ன தெரியும்." அவர் கண் என் கழுத்தில் தொங்கிய அட்டைக்குப் போனது. "அதத் தூக்கி எறி."

மதியம் உடைந்த ஊசிகளைப் போடும் பெட்டியின் துவாரத்தில் அந்த நுனியைத் தள்ளினேன். ரத்தம் பட்ட நீலச் சட்டையில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்கி வைத்தேன்.

சாயங்காலம் வாளியைக் காணவில்லை. படிக்குக் கீழே போய் எடுத்தேன். துடைப்பங்களுக்கு நடுவில்தான் கிடந்தது. உள்ளே ஒன்றும் ஊற்றியிருக்கவில்லை.